நொய்யலில் மாதிரி சொல்வது ஒன்று, ஓடுவது வேறு: செயற்கைக்கோள் தரவு கொண்டு நீரோட்டம் கணிப்போருக்கான பிழை நீக்கும் வழிமுறை

செயற்கைக்கோள் தரும் மழையளவு, நில உயரம், நிலப்பயன்பாடு, ஆவியுயிர்ப்பு (மண்ணும் பயிரும் ஆவியாக விடும் நீர்) ஆகியவற்றை ஸ்வாட், ஹெச்இசி-ஹெச்எம்எஸ் போன்ற கணினி மாதிரிகளில் இட்டு ஓர் ஆற்றின் நீரோட்டத்தைக் கணிக்கும்போது, முதல் ஓட்டத்தில் கிடைக்கும் வரைகோடு அளவீட்டு நிலையத்தின் பதிவோடு பொருந்துவது அரிது. பொருந்தாதபோது பெரும்பாலோர் முதலில் கைவைப்பது ஓடுநீர் வளைவெண்ணிலும் (பெய்த மழையில் எவ்வளவு வழிந்தோடும் என்பதைக் குறிக்கும் எண்) மண்ணின் ஈரக்கொள்ளளவிலும்தான். நொய்யல், பவானி, அமராவதி போன்ற கொங்கு நாட்டு ஆறுகளைப் பொறுத்தவரை அந்தத் தொடக்கமே தவறு என்பது என் அனுபவம். இந்த ஆறுகளில் வானம் கொடுத்த நீரைவிட வாய்க்காலும் குழாயும் கொண்டுவந்த நீர் அதிகமாக ஓடும் மாதங்கள் உண்டு. அதை அறியாமல் இத்தகைய அளபுருக்களை, அதாவது மாதிரியில் நாம் மாற்றக்கூடிய எண்களைத் திருகினால், மாதிரி இல்லாத மழையை மண்ணிலிருந்து கறந்து கணக்கைச் சரிக்கட்டிவிடும்; அடுத்த ஆண்டுக்கு அது உதவாது.

ஆகவே அறிகுறிகளை நான் சோதிக்கும் வரிசையிலேயே இங்கு எழுதியிருக்கிறேன். முதலில் அலகு, உயரம், நாள், அடுத்து மழை, அதன் பின் மனிதர் நகர்த்திய நீர், அளபுரு எல்லாவற்றுக்கும் கடைசி. ஒப்பிடுவதற்கு மத்திய நீர் ஆணையத்தின் நிலையங்களாகப் பவானியில் நெல்லித்துறையும் சவண்டப்பூரும், நொய்யலில் எழுநூத்திமங்கலமும் இருக்கின்றன. பவானிசாகர், அமராவதி அணைகளின் நீர்மட்டமும் நீர்வரத்தும் வெளியேற்றமும் நாளிதழ்களில் அன்றாடம் வருகின்றன. அவற்றைக் குறித்து வைப்பவருக்கு அதுவே ஒரு நல்ல தரவுத்தொகுதி.

அறிகுறி: அளந்த ஓட்டம் கணித்ததைப் போல் ஏறத்தாழ 35 மடங்கு, அல்லது மழை சரியாக இரு மடங்கு

இது அலகுப் பிழை. வேறு எதையும் தேட வேண்டியதில்லை. நம் பொதுப்பணித் துறைப் பதிவுகளும் செய்தித்தாள்களும் விநாடிக்கு இத்தனை கன அடி என்று சொல்லும். மாதிரியோ கன மீட்டரில் விடை தரும். ஒரு கன மீட்டர் என்பது 35.3 கன அடி. மழை இரு மடங்காக வந்தால், ஜிபிஎம் என்னும் உலக மழையளவீட்டுச் செயற்கைக்கோள் திட்டத்தின் ஐமெர்க் அரைமணித் தரவைப் பயன்படுத்தியிருப்பீர்கள். அதன் ஒவ்வொரு கட்டத்திலும் இருப்பது மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற வீதம். அரை மணி நேர மழை வேண்டுமென்றால் அதைப் பாதியாக்கிய பிறகே கூட்ட வேண்டும்.

ஒரு மனக்கணக்கைக் கைவசம் வைத்திருப்பது நல்லது. நொய்யல் வடிநிலத்தின் பரப்பு சுமார் 3,500 சதுர கிலோமீட்டர். அதன்மீது 1 மில்லிமீட்டர் நீர் நின்றால் 35 லட்சம் கன மீட்டர். 8 மில்லிமீட்டர் நின்றால் ஒரு டிஎம்சி. ஒரு நாளில் 1 மில்லிமீட்டர் வடிந்தால் விநாடிக்கு சுமார் 1,430 கன அடி. மாதிரியின் விடையை இந்தக் கணக்கோடு ஒருமுறை உரசிப் பார்த்தால் பாதி அலகுப் பிழைகள் அங்கேயே தெரிந்துவிடும்.

அறிகுறி: வடிநில எல்லை வரைபடத்தில் கோணலாக இருக்கிறது, அல்லது பரப்பு ஒத்துவரவில்லை

மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, வரைபட ஆயத்தொலைப் பட்டைகளைக் கலந்துவிடுவது. கோயம்புத்தூரும் திருப்பூரும் யூடிஎம் என்னும் உலக வரைபட ஆயமுறையின் 43-ஆம் பட்டையில் இருக்கின்றன. கிழக்கு 78 பாகைத் தீர்க்கக் கோட்டைத் தாண்டியவுடன் கரூர் நகரம் 44-ஆம் பட்டைக்குப் போய்விடுகிறது. அமராவதி வடிநிலம் இரண்டிலும் கால் வைக்கிறது. அடுக்குகள் அனைத்தையும் 43-லேயே வைத்துக்கொண்டால் கிழக்கு ஓரத்தில் நேரும் சிறு திரிபு பொருட்படுத்தத்தக்கதன்று. இரண்டையும் கலப்பதுதான் கேடு.

இரண்டாவது, சமதளம். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் 11 நாள்களில் விண்வெளி ஓடத்திலிருந்து ராடார் மூலம் எடுக்கப்பட்டது. சுமார் 30 மீட்டர் கட்டத்தில், முழு மீட்டர் எண்களாகவே உயரத்தைத் தருகிறது. தென்னந்தோப்பு அடர்ந்த இடத்தில் அது பெருமளவு தோப்பின் தலையைத்தான் அளந்திருக்கும்; தரையை அன்று. பாலக்காட்டுக் கணவாயின் வாயில் நிலம் மிக மெதுவாகச் சரிவதால், பொள்ளாச்சிப் பக்கத்தில் ஒரு தோப்பும் ஒரு சாலை மேடும் சேர்ந்து ஓடையை வேறு பக்கம் திருப்பிவிடக் கூடும். குளக்கரைகளும் இப்படித்தான், பள்ளம் நிரப்பும் கருவி குளத்தை நிரப்பி, நீரைக் கலிங்கு இல்லாத இடத்தில் வழியவிடும். இதற்கு, ஆற்றின் உண்மையான தடத்தைக் கோடாக வரைந்து உயரப் பரப்பில் பள்ளமாகப் பதித்துவிட்டு எல்லையைக் கணக்கிடுவதே எளிய வழி. வரைவதற்கு முன் அந்த வழியில் ஒருமுறை வண்டியில் போய்வருவது இன்னும் நல்லது.

மூன்றாவது, பிழையே இல்லாத ‘பிழை’. ஆழியாறும் அதன் துணையாறான பாலாறும் மேற்கே திரும்பிக் கேரளத்துக்குள் நுழைந்து பாரதப்புழாவில் சேர்வதைப் படத்தில் கண்டு, உயரத் தரவு கெட்டுவிட்டது என்று எண்ணுவோர் பலர். அவை மேற்கே ஓடுவதுதான் இயற்கை. அங்குள்ள நீர் கிழக்கே உடுமலை, காங்கேயம் வரை வருவது பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் சுரங்கங்களாலும் கால்வாய்களாலும் ஆகும். மாதிரியில் அதைத் தனி வரவாகச் சேர்க்க வேண்டுமே தவிர, எல்லைக்கோட்டை இழுத்து வளைக்கக் கூடாது.

அறிகுறி: இரண்டு உயரத் தரவுகள் சேரும் இடத்தில் செங்குத்தாகச் சுமார் 90 மீட்டர் படி

இஸ்ரோவின் கார்ட்டோசாட்-1 படங்களிலிருந்து உருவான கார்ட்டோடெம், புவியின் வடிவைக் குறிக்கும் கணித நீள்வட்டத்திலிருந்து உயரத்தை அளக்கிறது. எஸ்ஆர்டிஎம், ஐரோப்பாவின் கோபர்நிகஸ் ஆகிய உயரத் தரவுகள் சராசரிக் கடல்மட்டத்தை ஒத்த புவியுருவிலிருந்து அளக்கின்றன. தென்னிந்தியாவில் இந்தப் புவியுரு நீள்வட்டத்துக்குச் சுமார் 90 மீட்டர் கீழே கிடக்கிறது. ஆகவே கார்ட்டோடெமில் எல்லா இடமும் அந்த அளவு தாழ்ந்து தெரியும். அதை மட்டும் தனியாகப் பயன்படுத்தினால் சரிவு மாறாது, கவலையில்லை. வெற்றிடத்தை நிரப்ப மற்றொன்றோடு ஒட்டவைத்தால்தான் ஊர் நடுவே ஓர் அருவி முளைக்கும். ஒட்டுவதற்கு முன் புவியுருத் திருத்தம் செய்துகொள்ளுங்கள்.

அறிகுறி: வெள்ள உச்சம் ஒரு நாள் முந்துகிறது அல்லது பிந்துகிறது

இந்தப் பிழையில் நானே மூன்று வாரங்களைத் தொலைத்திருக்கிறேன். ஓடையின் நீர்ப்பயண நேரத்தை மாற்றி மாற்றிப் பார்த்து, இறுதியில் குற்றம் நாள்காட்டியில் இருப்பது தெரிந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் மழை நாள் காலை 8.30 மணிக்கு முடிகிறது. நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் எழுதப்படும். ஐமெர்க் நாள்தரவோ உலகப் பொதுநேரத்தைப் பின்பற்றுவதால், நம் கடிகாரப்படி காலை 5.30-க்குத் தொடங்கி மறுநாள் 5.30-க்கு முடிகிறது. ஐப்பசி மாதத்தில் மாலை இடியோடு பெய்யும் மழை, செயற்கைக்கோள் தரவில் பெய்த நாளின் தேதியிலும் மழைமானிப் பதிவில் மறுநாள் தேதியிலும் இருக்கும். கொங்குச் சமவெளியின் பெருமழைகளில் பல இத்தகைய மாலை மழைகளே என்பதால், ஒரு நாள் பிறழ்வு சீராகத் தெரியும். நாள்தரவை விட்டுவிட்டு, அரைமணித் தரவில் பொதுநேரம் 03.00 முதல் மறுநாள் 03.00 வரையான 48 துண்டுகளைக் கூட்டி நாளாக்குங்கள். இதைச் செய்த பிறகும் பிறழ்வு இருந்தால் மட்டும் பயண நேரத்தைத் தொடலாம்.

அறிகுறி: ஐப்பசி, கார்த்திகை பொருந்துகிறது; ஆனி, ஆடியில் மாதிரி மிகக் குறைவாகச் சொல்கிறது

இதுவே இந்த வடிநிலங்களின் தலையாய சிக்கல். வெள்ளியங்கிரி மலையின் உச்சிக்கும் கோவை நகருக்கும் இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் மலை தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கையில், நகரத்தில் காற்றும் தூறலும் மட்டுமே இருக்கும். ஐமெர்க்கின் ஒரு கட்டம் 0.1 பாகை, அதாவது ஏறக்குறைய 11 கிலோமீட்டர். நொய்யல் வடிநிலம் முழுவதும் இப்படி முப்பது கட்டங்களுக்குள் அடங்கிவிடும். நீரை உண்மையில் பிறப்பிக்கும் மேற்கு மலைச்சரிவுக்கு இரண்டு மூன்று கட்டங்களே கிடைக்கின்றன. அவற்றிலும் ஒரு பகுதி நீர்ப்பிரி முகட்டுக்கு அப்பால், சிறுவாணிப் பக்கத்துக்குச் சொந்தமானது.

கட்டத்தின் அளவு மட்டும் காரணமன்று. நிலத்தின்மீது நுண்ணலைக் கருவிகள் மழையைக் கணிப்பது பெரும்பாலும் மேகத்தின் மேற்பகுதியில் உள்ள பனித்துகள்கள் சிதறடிக்கும் அலையைக் கொண்டுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று சரிவேறிக் குளிர்ந்து பொழியும் மழையில் மேகங்கள் அதிக உயரம் போவதில்லை; பனியும் குறைவு. ஆகவே கருவியின் கண்ணுக்கு அது சிறுமழை, மலைக்கோ அடைமழை. இடிமழையில் மேகம் ஓங்கி வளர்வதால் கணிப்பு மேம்படுகிறது. ஐப்பசி பொருந்தி ஆடி பொருந்தாமல் போவதற்கு இதுவே பெரிய காரணம்.

இது மழைக்குறைவுதானா என்பதை உறுதிசெய்ய, அளவீட்டு நிலையத்தில் ஓடிய ஆண்டு மொத்த நீரை வடிநிலப் பரப்பால் வகுத்து மில்லிமீட்டராக்கி, செயற்கைக்கோள் மழையோடு ஒப்பிடுங்கள். அணைகளின் குறுக்கீடு குறைவான மலை ஓடை ஒன்றில், ஓடிய நீர் பெய்த மழையை நெருங்கினாலோ மிஞ்சினாலோ மழைத் தரவே குற்றவாளி. எந்த வளைவெண்ணும் அதைத் தீர்க்காது.

திருத்துவதற்கு மழைமானிப் பதிவுகள் வேண்டும். இங்கே பலர் செய்யும் தவறு, கோவை விமான நிலையப் பதிவைக் கொண்டு ஒரே பெருக்கெண்ணைக் கணக்கிட்டு வடிநிலம் முழுவதும் பெருக்குவது. சமவெளி மானி மலையைப் பற்றி ஒன்றும் அறியாது. மலை, அடிவாரம், சமவெளி என மூன்று மண்டலங்களாகப் பிரித்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒன்றும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்றுமாகத் தனித்தனித் திருத்தம் செய்ய வேண்டும். மலையில் அரசு மானி இல்லாத இடத்தில் தேயிலை, காப்பித் தோட்டங்களைக் கேட்டுப் பாருங்கள். வால்பாறை, நீலகிரிப் பக்கத்துத் தோட்டங்கள் பல தலைமுறைகளாக மழையை அளந்து எழுதி வருகின்றன. ஐமெர்க் முன்கூட்டிய வெளியீட்டைவிட, மாதாந்திர மானிப் பதிவுகளோடு சரிபார்த்து மூன்றரை மாதங்கள் கழித்து வரும் இறுதி வெளியீடு மேல். ஆயினும் மலை மானி அதில் சேராத இடத்தில் அதுவும் தடுமாறும்.

அறிகுறி: மழையே இல்லை, ஆற்றில் நீர் ஓடுகிறது, வயல் பச்சையாக இருக்கிறது

சென்னிமலைப் பக்கம் ஒரு தை மாதத்தில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். மண்ணில் ஈரம், ஓடையில் நீர், படத்தில் பசுமைக் குறியீடு உச்சத்தில். மழைத் தரவில் ஒரு மாதமாகச் சுழியம். தரவு கெட்டுவிட்டதோ என்று ஐயுற்று, அங்கு மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் அண்மையில் மழை பெய்ததா என்று கேட்டேன். “ஏனுங் தம்பி, மழை எங்கீங் பேஞ்சுது? வாய்க்கால்ல தண்ணி உட்டிருக்கறாங்கோ” என்றார். செயற்கைக்கோள் பொய் சொல்லவில்லை; நான்தான் கீழ்பவானி வாய்க்காலை மாதிரியில் சேர்க்காமல் விட்டிருந்தேன்.

பவானிசாகர் அணையிலிருந்து 200 கிலோமீட்டர் ஓடி, 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கருக்குப் பாயும் இந்த வாய்க்கால், பவானியின் நீரை நொய்யல் வடிநிலத்துக்குள்ளும் கொண்டுவருகிறது. ஆயக்கட்டில் ஒரு பாதிக்கு ஆவணியையொட்டியும் மறு பாதிக்குத் தையையொட்டியும் தண்ணீர் திறப்பது வழக்கம். வயலிலும் கரையிலும் கசிந்த நீர் கீழே ஓடைகளில் ஊறி ஆற்றுக்கு வருகிறது. ஆகவே ஸ்வாட் மாதிரியில், ஆயக்கட்டு வயல்களுக்கு வடிநிலத்துக்கு வெளியேயிருந்து வரும் பாசனம் என்று குறித்து, திறப்புத் தேதிகளை அரசாணைப்படி இட வேண்டும். தானியங்கிப் பாசன வசதியை நம்பாதீர்கள். அது பயிர் வாடும்போதெல்லாம் நீர் ஊற்றும், நம் மதகுகள் அப்படித் திறப்பதில்லை.

இரண்டாவது மறைவரவு நகரங்களின் கழிவுநீர். கோவை குடிப்பது சிறுவாணி நீரும் பில்லூர் நீரும். இரண்டும் பவானி வடிநிலத்தைச் சேர்ந்தவை. குடித்தும் குளித்தும் வெளியேறும் நீர் நொய்யலுக்கு வருகிறது. திருப்பூரின் தேவைக்கும் பவானி, காவிரி ஆறுகளிலிருந்தே குழாய் வருகிறது. பங்குனி வெயிலில் திருப்பூர் பாலத்தின் அடியில் ஓடுவதை மண்ணின் அடியோட்டம் என்று மாதிரிக்குக் கற்பித்தால், அது வேறு எந்த ஊரிலும் இல்லாத ஊற்றைக் கண்டுபிடிக்கும். மாநகராட்சிகள் வழங்கும் குடிநீரின் அளவை எடுத்து, அதில் ஒரு பங்கைப் புள்ளி வரவாகச் சேருங்கள். கோடையில் அளந்த குறைந்தபட்ச ஓட்டத்தோடு ஒப்பிட்டால் அந்தப் பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

மூன்றாவது புதியது. 2024 ஆகஸ்ட் 17-இல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், பவானியின் காலிங்கராயன் அணைக்கட்டின் கீழ்ப்புறமிருந்து 1.5 டிஎம்சி உபரி நீரை ஏற்றி 1,045 குளம் குட்டைகளை நிரப்புவதற்காக அமைக்கப்பட்டது. அவிநாசி, அன்னூர்ப் பக்கத்துக் குளங்களின் நீர்ப்பரப்பைச் செயற்கைக்கோள் படத்தில் அளந்து மாதிரியைச் சரிபார்ப்பவர், அந்தத் தேதிக்கு முன்னும் பின்னும் உள்ள ஆண்டுகளைக் கலக்கக் கூடாது.

அறிகுறி: மாதிரியில் ஆறு ஓடுகிறது, நேரில் மணல்தான் இருக்கிறது

வெள்ளியங்கிரியில் இறங்கும் வெள்ளம் சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகளில் திரும்பி, குளத்துக்குக் குளம் நிரம்பிய பிறகே கீழே வருகிறது. பருவத்தின் முதல் வெள்ளம் சூலூரைத் தாண்டாததற்கு மண் காரணமன்று, குளங்களே. பெரிய குளங்களையாவது கொள்ளளவோடு தனித்தனியே சேருங்கள். சிறியவற்றைத் துணைவடிநிலத்துக்கு ஒன்றாகத் திரட்டிக்கொள்ளலாம்.

தை, மாசியிலும் மாதிரி அடியோட்டம் (நிலத்தடியிலிருந்து ஆற்றுக்கு ஊறும் நீர்) காட்டினால் நிலத்தடி நீரைப் பார்க்க வேண்டும். இது கடினப்பாறை நாடு. ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறுகள் சர்வ சாதாரணம். நீர்மட்டம் ஆற்றுப்படுகைக்குக் கீழே போய்விட்ட இடத்தில் நிலம் ஆற்றுக்குக் கொடுப்பதில்லை, ஆற்றிடமிருந்து வாங்குகிறது. ஆழமில்லாத மேல்நீர்த்தாங்கியிலிருந்து (நிலத்தடி நீர் தேங்கும் மேலடுக்கிலிருந்து) ஆற்றுக்கு நீர் திரும்பத் தொடங்கும் வரம்பை உயர்த்தி, படுகைவழி இழப்பையும் சேருங்கள்.

பவானிசாகருக்குக் கீழே மழையை வைத்து ஓட்டம் கணிப்பது வீண்; 32.8 டிஎம்சி கொள்ளும் அணையின் வெளியேற்றமே அங்கு ஆறு. அணைக்கு மேலேயும், பில்லூர் மின்நிலையம் ஓடும் நேரத்துக்கு ஏற்ப நீர் ஏறி இறங்குவதால், மணிவாரிக் கணிப்பு மேட்டுப்பாளையத்தில் பொருந்தாது. நாள் சராசரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அணையின் நீர்வரத்து எண், நீர்மட்ட மாற்றத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுவது என்பதையும் மறவாதீர்கள். அது நாளுக்கு நாள் துள்ளும், ஐந்து நாள் சராசரியில் அடங்கும்.

அறிகுறி: குளத்தின் நீர்ப்பரப்பு படத்தில் திடீரெனச் சுருங்குகிறது

எந்த மாதத்தில் என்று முதலில் பாருங்கள். ஆனி, ஆடி என்றால் காற்று. ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் ராடாரில் அமைதியான நீர் கருமையாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து கேத்தனூர், உடுமலைக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று குளத்தில் அலையெழுப்பினால், நீர் வெளுத்து நிலம்போல் ஆகிவிடும். ராடார் அலையை அனுப்பிய திசையிலேயே வாங்கும் விவி முனைப்பைவிட, குறுக்குத் திசையில் வாங்கும் விஹெச் முனைப்பு காற்றுக்குக் குறைவாகவே அசையும், அதைப் பயன்படுத்துங்கள். ஆண்டு முழுவதும் சுருங்கித் தெரிந்தால் ஆகாயத்தாமரை. கோவை நகரக் குளங்களில் ராடாரும் ஒளிப்படமும் ஒன்றுபோல் ஏமாறும். கரையெல்லையைக் கோடை வறட்சியில் வரைந்து வைத்துக்கொண்டு, நீர்மட்ட அளவுகோலைப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

சென்டினல்-2 ஒளிப்படத்தில் 2022 ஜனவரி 25 முதல் மாற்றம் தெரிந்தால், அது குளத்தில் அன்று, கோப்பில் நேர்ந்தது. அன்றிலிருந்து வெளிவரும் படங்களில் எல்லா எண்களோடும் 1,000 கூட்டப்பட்டிருக்கிறது. கழிக்காமல் நீர்க்குறியீட்டை (இரண்டு நிறப்பட்டைகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தது) கணக்கிட்டால், தொகுதி மாறாமல் பகுதி மட்டும் பெருத்து, மதிப்பு சுழியத்தை நோக்கி நகரும். கூகுள் எர்த் எஞ்சின் என்னும் இணையத் தளத்தில் சீராக்கப்பட்ட தொகுப்பைத் தேர்ந்தால் இந்த வேலை மிச்சம்.

அறிகுறி: ஆவியுயிர்ப்பு நம்ப முடியாத அளவு

எட்டு நாளில் 3,276 மில்லிமீட்டர் என்று வந்தால், மோடிஸ் என்னும் நாசா செயற்கைக்கோள் கருவியின் தரவில் உள்ள நிரப்பு எண்களை அளவாகப் படித்திருக்கிறீர்கள். 32761 முதல் 32767 வரை உள்ளவை நகரம், நீர்நிலை போன்ற இடங்களுக்கான குறியீடுகள், 0.1 ஆல் பெருக்குவதற்கு முன்பே நீக்க வேண்டும். எட்டு நாள் மொத்தத்தை நாளளவாக எண்ணிவிடவும் வேண்டாம்.

அறிகுறி: கிரேஸ் தரவில் நொய்யலும் அமராவதியும் ஒரே கோடாகத் தெரிகின்றன

கிரேஸ் செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பை அளந்து நீரிருப்பைச் சொல்லும் பரப்பு சில நூறு கிலோமீட்டர் அகலம் கொண்டது. காவிரி முழுவதற்கும் அதைக் கேட்கலாம். 3,500 சதுர கிலோமீட்டருக்குக் கேட்பது பொருந்தாது. அதை மாதிரியிலிருந்து எடுத்துவிட்டு, மாவட்டக் கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டத்தை இடுங்கள்.

இவை அனைத்தையும் கடந்த பிறகும் பொருந்தாமை இருந்தால், அப்போது வளைவெண்ணைத் தொடலாம். அளவுத்திருத்தத்தை ஆண்டு முழுவதற்கும் ஒன்றாகச் செய்யாமல், இரண்டு பருவங்களுக்கும் தனித்தனியே நாஷ்-சட்கிளிஃப் மதிப்பை (கணித்ததும் அளந்ததும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதைக் காட்டும் எண்; முழுப் பொருத்தத்துக்கு 1) கணக்கிடுங்கள். ஐப்பசியின் இரண்டு பெருவெள்ளங்கள் பொருந்திவிட்டால் மொத்த மதிப்பு உயர்ந்துவிடும். ஆடியில் மாதிரி பாதி நீரைத் தவறவிட்டது அதற்குள் மறைந்துபோகும். அப்படி ஆடி மட்டும் தனித்து விழுந்தால் வளைவெண்ணை அப்படியே விட்டுவிட்டு, மலை மண்டலத்தின் மழைத் திருத்தத்துக்குத் திரும்பிச் செல்லுங்கள்.